பணிவுப் பட்டியலின் நான்காம் வரி

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே கொளுத்தும் வெயில். செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருப்பு. பையில்: டைஸ் டப்பா, விதிகளின் பிரதி மூன்று, மஞ்சள் தூள், சுண்ணாம்பு, வீணானாலும் பரவாயில்லை என்று ஒரு பழைய சட்டை.

கிளம்பும்போது அப்பா கேட்டார், எங்கே என்று. ஆட்டம் என்றேன். சீட்டா என்றார். பத்தாவது முறையாக விளக்கினேன்: ஆளுக்கொரு வீரன், நாமே உண்டாக்கிய ஒரு நாடு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் கதையை நடத்திக்கொண்டு போவது, யாருக்கு வெற்றி என்பதை டைஸ் சொல்லும். பாதியில் டிவி சத்தத்தைக் கூட்டினார். பேச்சு பிடிக்கவில்லை என்றால் அப்பா அதைத்தான் செய்வார். எனக்கு முப்பத்தொரு வயது. இன்னும் அந்தச் சத்தம் ஏறினால் வாய் மூடிக்கொள்கிறது.

பாபுவின் சிற்பப் பட்டறை ஞாயிறு ஓடாது. அரைகுறை யானை ஒன்றுக்கும் தலையில்லாத புத்தருக்கும் நடுவே ஒரு பலகைக் கல். அதுதான் எங்கள் மேஜை. பாபு கல் கொத்துகிறான், நான் டைல்ஸ் கடையில் பில் போடுகிறேன், ஸ்டெல்லா புதுப்பட்டினத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள். ப்ளஸ் டூ ட்யூஷனில் மூவரும் ஒரே பெஞ்ச். ஆட்டத்துக்குக் ‘கழிமுகம்’ என்று பெயர் வைத்தது அவள். மூன்று வருட வேலை.

27ஆம் தேதி சென்னையில், இந்த மாதிரி ஆட்டங்கள் நடக்கும் ஒரு காப்பிக் கடையில் எங்களுக்கு ஒரு மேஜை கொடுத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆறு பேர் ஆடப் போகிறார்கள். அதற்குள் போர்ச்சாயமும் மிரட்டலும் என்ற அத்தியாயம் முடிய வேண்டும். அது என் பொறுப்பு.

இதுவரை எழுதியது:

காவி – பாபு கல்லில் கோடு போடும் அதே காவி. நெற்றியில் பூசினால் மி.எ. (மிரட்டல் எண்) இரண்டு கூடும்.
சுண்ணாம்பு – தூரத்தில் நிற்பவனிடம் மட்டும் பலிக்கும். கிட்டே வந்தால் சிரித்துவிடுவான்.
கரி – இருட்டில் பலம். வியர்த்தால் போச்சு.
மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த சிவப்பு – மி.எ. மூன்று கூடும். ரொம்ப நேரம் வைத்திருந்தால் பூசியவனுக்கே எரியும். (என் கையில் பூசிப் பார்த்து எழுதியது. இன்னும் எரிகிறது.)

இன்றைய ஆட்டத்தில் பாபு ஒரு கூட்டத்தின் தலைவன், முகமெல்லாம் சிவப்பு, வரப்பை மறித்து நிற்கிறான். எதிரே ஸ்டெல்லாவின் வேலாத்தா, படகோட்டி. மிரட்டலில் பாபு ஜெயித்தான். தோற்றவர் பணிவுப் பட்டியலில் டைஸ் போட வேண்டும். ஆறு விளைவுகள். ஆயுதம் நழுவும், நா வறளும், இப்படி. அவளுக்கு நாலு விழுந்தது. பிரதியில் இருப்பது:

4. தோள் துணியை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டும். மிரட்டியவர் கடந்து போகும் வரை நிமிரக் கூடாது.

படித்தாள். இன்னொரு முறை படித்தாள். “இத யாரு எழுதுனது?” என்றாள்.

நான்தான், நல்லா இருக்கா என்று கேட்டேன். சந்தோஷமாகத்தான் கேட்டேன். ஆறு வரிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது. கண்ணால் பார்ப்பது போல வந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

டைஸை டப்பாவில் வைத்தாள், பென்சிலை வைத்தாள், ட்யூட்டி இருக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாயிறு மதியம் அவளுக்கு ட்யூட்டி கிடையாது. எனக்கே தெரியும்.

ஜூலை 7, திங்கள்

புழுக்கம். மழை வருவது போலக் காட்டிவிட்டுப் போனது.

ஸ்டெல்லாவுக்கு மெசேஜ்: வீட்டில் எல்லோரும் நலமா. படித்த அடையாளம் நீலமாகிவிட்டது. பதில் இல்லை.

ஏன் போனாள்? சாய வாடை ஒத்துக்கொள்ளவில்லையா. தோற்றதாலா. இருக்காது, போன மாதம் வேலாத்தாவை முதலை கடித்தபோது விழுந்து விழுந்து சிரித்தவள். பாபு கொஞ்சம் அதிகமாகக் கத்தினானோ. என் விதியில் மி.எ. மூன்று கூட்டியது அநியாயமோ. அதுவாகத்தான் இருக்க வேண்டும். கணக்குத் தவறு.

கடையில் இன்று கவனித்தது, அத்தியாயத்துக்கு உதவும்: முதலாளி யாரையும் அதட்டுவதில்லை. எதிரே நிற்கவைத்துவிட்டு போனைப் பார்ப்பார். அவ்வளவே. நின்றவன் தானாகவே விலையை ஏற்றுக்கொள்கிறான். காக்கவைத்தல்: மி.எ. இரண்டு. சாயமே வேண்டாம்.

அப்பா, டிவி சத்தம்: மூன்று.

ஜூலை 8, செவ்வாய்

மதியம் சாப்பிடும் நேரத்தில் விதியைத் திருத்தினேன். பட்டியலுக்கு ஆறு முக டைஸுக்குப் பதில் பத்து முகம். சின்னச் சின்ன விளைவுகள் நாலு புதிதாகச் சேர்த்தேன். இப்போது நாலாவது வரி விழ வாய்ப்பு குறைவு. சிவப்புச் சாயத்துக்கும் ஒன்று குறைத்தாயிற்று. ஸ்டெல்லாவுக்கு அனுப்பி, ‘இப்போது நியாயமாக இருக்கும், பார்’ என்று எழுதினேன்.

பார்த்துவிட்டாள்.

பதில் வந்துவிடும் என்று மாலை முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு பில்லில் ஆறு பெட்டியை அறுபது என்று அடித்துத் திட்டு வாங்கினேன்.

ஜூலை 10, வியாழன்

பாபுவுக்கு போன் செய்தேன். ஸ்டெல்லா அவனிடம் பேசினாளாம். ஞாயிறு வரமாட்டாளாம், சென்னைக்கும் வரவில்லையாம். 27ஆம் தேதிக்கு நாம் இரண்டு பேர் போதும் என்று சொல்லச் சொன்னாளாம்.

பத்து முக டைஸ் போட்டும் சரியாகவில்லையா என்று கேட்டேன்.

“இன்னா மச்சான், நம்பர மாத்திகினு கீற. நம்பரா மேட்டரு?” என்றான். பிறகு கிரானைட் லோடு வந்துவிட்டது என்று வைத்துவிட்டான்.

நம்பர் இல்லை என்றால் வேறென்ன? மூன்று வருடத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை அவள். காய்ச்சலோடு வந்திருக்கிறாள். அவள் இல்லாமல் கழிமுகம் என்ன, எனக்கு அந்தப் பட்டறையே வேண்டாம். இதை இங்கே எழுதிவைக்கிறேன், யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜூலை 12, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஏழரை. வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஏகாம்பரம். எங்கள் நிலத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். நிலம் ப்ளாட்டாகி எட்டு வருடம் ஆகிறது, இப்போது எங்களிடம் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. பேத்திக்குக் கல்யாணம், பெண் நர்ஸ், மாப்பிள்ளை கம்பெனியில். ஆவணியில் முகூர்த்தம், ஆடி பிறப்பதற்குள் பத்திரிகை வைத்துவிடலாம் என்று வந்திருக்கிறார். புது வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு.

அப்பா வெளியே வந்தார். வந்ததும் ஏகாம்பரத்தின் கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கேட்டுக்கு எதிரே இருந்த சிமெண்ட் சரிவை விட்டு மண்ணில் இறங்கி நின்றார்.

என் வாயில் நுரை. துப்பக்கூடத் தோன்றவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. “உள்ளதான் வாயேன், ஏகாம்பரம்” என்றார். ஆனால் நாற்காலி எதையும் நகர்த்தவில்லை, வாசற்படியை விட்டு நகரவும் இல்லை. ஏகாம்பரம், இருக்கட்டும் என்று பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினார். நான் ஓடிப்போய் வாங்கினேன். வாங்க என்றேன். அதற்குப் பின்னால் என்ன சேர்ப்பது என்று தெரியவில்லை. தாத்தா என்றா, பெரியவரே என்றா. பிறந்ததிலிருந்து பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் என்னைவிட நாற்பது வயது பெரியவர். “நல்லா கீறீங்களா சின்னய்யா?” என்றார் அவர்.

அவர் போனதும் அப்பா பத்திரிகையை டிவி மேல் வைத்தார். யார் கையிலாவது கவர் கொடுத்தனுப்பிவிடலாம், அங்கே போய் நிற்கவா முடியும் என்றார்.

நாலாவது வரி. வார்த்தைக்கு வார்த்தை. நான் கற்பனை செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் ஞாபகம் வந்துவிட்டது. எழுதிவிடுகிறேன். ஏழு வயது இருக்கும். குளியல் துண்டைத் தோளில் போட்டு, இடுப்புக்கு இறக்கி, குனிந்து நின்று ஏகாம்பரம் மாதிரி நடித்துக் காட்டினேன். வீடே சிரித்தது. மறுபடி செய் மறுபடி செய் என்று அத்தை கேட்டாள். மறுபடி செய்தேன்.

அதற்குத்தான் எண் போட்டு, டைஸ் கொடுத்து, ஸ்டெல்லாவின் கையில் வைத்திருக்கிறேன். பிறகு அடிக்கடி விழாது பார் என்று திருத்தம் வேறு அனுப்பியிருக்கிறேன்.

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். பொய்யும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

பட்டறையில் நானும் பாபுவும் மட்டும். டைஸை வெளியே எடுக்கவில்லை. நேற்று நடந்ததைச் சொன்னேன். பாபு யானையின் காதில் உளியை வைத்து உரசிக்கொண்டே கேட்டான். ஸ்டெல்லாவின் அப்பா மதுராந்தகம் பக்கம் ஒரு ஊரில் கூலி வேலை செய்தவர், பிறகு குடும்பத்தோடு கடற்கரைக்கு வந்துவிட்டவர் என்று பாபுவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஏன் வந்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

“அன்னிக்கே எனக்கு சுருக்குனு இருந்திச்சி. நானும் கம்முனு குந்தினு இருந்தேன்ல. உன்ன மட்டும் சொல்ல இன்னா கீது?” என்றான் பாபு.

ஜூலை 14, திங்கள்

அவளுக்கு எழுதிய மெசேஜ்கள், அனுப்பாதவை:

– தெரியாமல் எழுதிவிட்டேன். (பொய். தெரியும். எங்கிருந்து தெரியும் என்பதுதான் தெரியவில்லை.)
– நாலாவது வரியை நீக்கிவிட்டேன்.
– நான் அப்படிப்பட்டவன் இல்லை. (அழித்தேன். பிறகு யாராம்.)
– ஸ்டெல்லா.

நேரில் போக வேண்டும். மூஞ்சியில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினால்? அதைவிட, பரவாயில்லை விடு என்று சிரித்துவிட்டால்?

ஜூலை 16, புதன்

கடையில் அரை நாள் லீவு. திருக்கழுக்குன்றம் போய், அங்கிருந்து வேறு பஸ். புதுப்பட்டினத்தில் இறங்கும்போது காற்றில் கருவாட்டு வாசம். லேபில் நல்ல கூட்டம். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். உட்காரு என்று கண்ணைக் காட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். காக்கவைத்தலுக்கு இரண்டு என்று எழுதியது குறைவு.

அதற்குள் அவள் வேலையைப் பார்த்தேன். மீசை வைத்த பெரிய ஆள், ஊசியைக் கண்டதும் கை நடுங்குகிறது. ஸ்டெல்லா அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துச் சொல்லுங்கண்ணா என்றாள். அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே ரத்தம் எடுத்து முடித்துவிட்டாள். அந்த ஆளின் பயம் அவர் மனைவிக்குக்கூடத் தெரியவில்லை. நான் அத்தியாயம் முழுக்க அடுத்தவனைப் பயப்பட வைப்பது எப்படி என்றே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எதிரே டீக்கடை. சொன்னேன். ஏகாம்பரம், துண்டு, சின்னய்யா, எல்லாம். ஏழு வயதில் நடித்துக் காட்டியதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பஸ்ஸில் மூன்று முறை முடிவு செய்திருந்தேன்.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

“எங்க அப்பா சண்டல்லாம் போடல சரவணா. ஒரு நாளு துண்ட இறக்காம ஊர்த் தெருவுல நடந்து போனாரு. அவ்ளோதான் பண்ணாரு. ஒரு மாசத்துல வூட்ட காலி பண்ணிகினு இங்க வந்துட்டோம். எனக்கு அப்ப மூணு வயசு.”

கொஞ்சம் கழித்து: “வாரம் பூரா அடுத்தவங்க கைய புடிச்சிகினு கீறேன். ஞாயித்துக்கெழம ஒரு நாளு அந்த வேலாத்தா யாருக்கும் இறங்காம நிக்கும். அதுக்குதான் வந்துகினு இருந்தேன். அங்கயும் வந்து அதே துண்ட குடுத்த.”

நான்காவது வரியை எடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். எனக்குப் புரியவில்லை.

“எடுத்துட்டா உனக்கு மறந்துடும். இருக்கட்டும். ஆனா தோத்தவன் கைக்கு அதுக்கு முன்னாடி வேற ஒன்னு வரணும்.”

என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, லேப் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். நான் எழுதவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். மழை இரண்டு தூறல் போட்டது. ஞாயிறு வருவாயா என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. ஊர் அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடியலிலிருந்து.

அவள் எழுதியதை அப்படியே அத்தியாயத்தில் சேர்த்தேன், பட்டியலுக்கு முன்னால்:

இறங்க மறுத்தல். மிரட்டலில் தோற்றவர், பட்டியலுக்குப் போகாமல் மறுக்கலாம். மறுத்தால் அவர் தன் ஊரை இழப்பார். தாளில் ஊர்ப் பெயரை அடிக்க வேண்டும், மறுபடி எழுத முடியாது. மிரட்டியவரின் சாயம் அந்த இடத்திலேயே செல்லாமல் போகும். பார்த்துக்கொண்டிருந்த எவரையும் அவர் இனி மிரட்ட முடியாது. எல்லோர் முன்னாலும் முகத்தைத் துடைக்க வேண்டும்.

ஒரு சொல்கூட மாற்றவில்லை. ஊரை இழப்பது ரொம்பக் கடுமையோ, யாரும் மறுக்கவே மாட்டார்களோ என்று தோன்றியது. தோன்றியதை அவளிடம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாததா.

ஜூலை 19, சனி

மெசேஜ் இல்லை. பாபுவுக்கும் இல்லை. அம்மா, ஏன்டா கூழ் ஆறுது என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். நாளை ஸ்டெல்லா வரவில்லை என்றால் சென்னை மேஜையை வேண்டாம் என்று சொல்லிவிடுவது. பாபுவும் சரி என்றான்.

ஜூலை 20, ஞாயிறு

மேகமூட்டம், கடல் காற்று. பட்டறைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வண்டி வாசலில் நின்றது. பஸ் இறங்கியதிலிருந்து வேண்டாத தெய்வமில்லை.

உள்ளே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்திருந்தாள். இன்று தலைவன் நீதான் என்றாள். என் முகத்தில் அவளே பூசினாள். அசையாதே என்றாள். நெற்றியிலிருந்து தாடை வரை. எரிய ஆரம்பித்தது, சொல்லவில்லை.

வரப்பு. நான் மறித்து நிற்கிறேன். வேலாத்தா எதிரே. மிரட்டு என்றாள். சும்மா படிக்காதே, நிஜமாக மிரட்டு. எனக்குக் கத்த வராது. அதனால் பேசவே இல்லை. அப்பா வாசற்படியில் நின்ற மாதிரி நின்றேன். அது எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. பாபு தலையைக் குனிந்துகொண்டான்.

டைஸ். இருபது முகத்தில் எனக்குப் பதினேழு. அவளுக்கு ஒன்பது.

“இறங்கல” என்றாள் ஸ்டெல்லா.

பென்சிலை எடுத்துத் தன் தாளில் ஊர்ப் பெயர் மேல் ஒரு கோடு போட்டாள். மூன்று வருடம் முன்பு அவளே வைத்த பெயர், படமெல்லாம் வரைந்திருந்தாள், படித்துறை, புன்னை மரம். கோடு அழுத்தமாக இல்லை என்று இன்னொரு முறை போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முறை.

துடைக்கத் துணி இல்லை. பாபு தன் தோளில் கிடந்த துண்டை உருவி என்னிடம் நீட்டினான்.

“துண்டு தோள்லயே கெடக்கட்டும்டா” என்று அவனைத் தடுத்துவிட்டு, ஸ்டெல்லா தன் பையைத் திறந்து லேப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கொடுத்தாள். துடைத்தேன். கண்ணில் நீர். ஸ்பிரிட்டால் என்று சொல்லலாம். மூவரும் சிரித்தோம், எதற்கு என்று தெரியாமல். பிறகு அவள், சென்னையில் இதை யார் மறுத்தாலும் ஊர்ப் பெயரை அவர்களே அடிக்க வேண்டும், நீ அடிக்கக் கூடாது, எழுதிக்கொள் என்றாள். எழுதிக்கொண்டேன். சென்னைக்கு வருகிறாள்.

சாயம் முழுதாகப் போகவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு முறை பார்த்தார். இடது கன்னம் சிவப்பு.

வீட்டில் அப்பா டிவி முன்னால். மூஞ்சில இன்னா என்றார். சாயம், மிரட்டப் போய்த் தோற்றுவிட்டேன் என்றேன். சிரித்தார். டிவி மேல் பத்திரிகை அப்படியே இருந்தது. அதைக் கையில் எடுத்தேன். ஏகாம்பரம் தாத்தா வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் ரெண்டு பேரும் போறோம்பா, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடறோம் என்றேன்.

அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

கூட்டிக்கொண்டே போனார். நான் அங்கேயே நின்றேன். பிறகு அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி அணைத்தேன். என்னைப் பார்த்தார். முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.